பாட்டுக்கா, படத்துக்கா? ஒலிக் கருவிகளில் முதல் பணம் எதற்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நல்ல ஒலி வேண்டும் என்று முடிவெடுத்த நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. கையில் இருப்பது ஒரு தொகை, வாங்க வேண்டியவை ஐந்தாறு சாமான்கள்; எதற்குத் தாராளமாகச் செலவிடலாம், எதில் கையை இறுக்கலாம்? பாட்டு கேட்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் இதற்கு ஒரே விடை கிடையாது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

பாட்டுக்கு ஏற்ற செட்டும் படத்துக்கு ஏற்ற செட்டும் உண்மையிலேயே வேறு வேறா?

ஆம், அடிப்படையிலேயே வேறு. ஸ்டீரியோ என்பது இரண்டே ஸ்பீக்கர்களைக் கொண்டு அவற்றுக்கு நடுவே ஒரு மேடையைக் கட்டும் வித்தை. இங்கிலாந்தின் ஆலன் ப்ளூம்லைன் 1931இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் இன்றும் நிற்கிறோம். ஒரு கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். சபையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் வருவதால் நம் காதுக்கு அது நட்டநடுவில் கேட்கிறது. பதிவும் நன்றாக அமைந்து, ஸ்பீக்கர்களும் சரியான இடத்தில் இருந்துவிட்டால், கண்ணை மூடிய மாத்திரத்தில் மூவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனைக்கும் பாடகர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஸ்பீக்கரே கிடையாது. முதன்முதலில் இதைக் கேட்டபோது எழுந்து போய் அந்த வெறுமையான இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

ஆனால் நீங்கள் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் பாடகரும் கூடவே வந்து இடப்பக்க ஸ்பீக்கருக்குள் புகுந்துகொள்வார். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் திரையரங்கில் இது சரிப்படாது. ஆகவேதான் திரைக்குப் பின்னால், நடுவில், வசனத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர். 5.1 என்று சொல்வதில் முன்னால் இடம், வலம், நடு என மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஐந்து. அந்த ‘.1’ என்பது வெடிச்சத்தம், இடி போன்ற அடிமட்ட ஒலிகளுக்கான தனிப் பாதை.

ஆக, ஸ்டீரியோ ஒரு நாற்காலிக்கான ஏற்பாடு. ஹோம் தியேட்டர் ஒரு சோபாவுக்கான ஏற்பாடு. உங்கள் வீட்டில் எது அதிகம் பயன்படுகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஆசையை வைத்து முடிவு செய்தவர்கள் பலர் பிறகு வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எப்படிப் பிரிப்பீர்கள்?

பாட்டுக்கு மட்டும் என்றால் 55 ரூபாயைத் தயங்காமல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் கொடுப்பேன். ஆம்ப்ளிஃபயருக்கு 25. கனமான இரண்டு ஸ்டாண்டுகளுக்கு 10. மீதம் இருக்கும் 10, பாட்டு எங்கிருந்து வருகிறதோ அந்தக் கருவிக்கும் வயருக்கும்.

படத்துக்கு மட்டும் என்றால் ரிசீவருக்கு (படத்தின் ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) 30, நடு ஸ்பீக்கருக்கு 17, முன்னால் இருக்கும் இரண்டுக்கும் சேர்த்து 22, அடிமட்ட ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபருக்கு 22, பக்கவாட்டில் வைக்கும் இரண்டுக்கும் சேர்த்து 9. கடைசி எண்ணைப் பார்த்துப் பலரும் முகம் சுளிப்பார்கள். பக்கவாட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலான நேரம் மழைச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும்தான் வருகின்றன. அங்கே சிக்கனம் பிடித்தால் பெரிய நஷ்டமில்லை. நடு ஸ்பீக்கரில் சிக்கனம் பிடித்தால் படம் முழுக்க அது தெரியும்.

ஒரு நிபந்தனை உண்டு. முன்னால் இருக்கும் மூன்று ஸ்பீக்கர்களும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பேசிக்கொண்டே திரையில் இடமிருந்து வலமாக நடப்பவரின் குரல் பாதி வழியில் வேறொருவர் குரலாக மாறிவிடும்.

ஆம்ப்ளிஃபயரை விட ஸ்பீக்கருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒலிச் சங்கிலியில் மிகவும் பலவீனமான கண்ணி அதுதான். ஓரளவு நல்ல ஆம்ப்ளிஃபயர், தன் வரம்புக்குள் ஓடும்போது, காதுக்குக் கேட்கும் மிகத் தாழ்ந்த சுரமான 20 ஹெர்ட்ஸிலிருந்து மிக உயர்ந்த 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒலியின் அளவு ஒரு டெசிபல்கூடப் பிசகாமல் கொடுத்துவிடும். ஸ்பீக்கரோ காகிதக் கூம்பையும் ரப்பர் விளிம்பையும் அசைத்துக் காற்றைத் தள்ள வேண்டிய எந்திரம். நல்ல ஸ்பீக்கரில்கூட மூன்று டெசிபல் ஏற்ற இறக்கம் சாதாரணம். மலிவானதில் அது இரட்டிப்பாகும். ஒரு குரல் மூக்கடைத்தது போலக் கேட்பதும், வயலின் காதைக் கீறுவதும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை.

இன்னொரு காரணம் ஆயுள். கவனமாக வைத்துக்கொண்ட ஸ்பீக்கர் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும். ரிசீவர் அப்படியில்லை. அது பழுதாகாமலேயே பழையதாகிவிடும்; புதிய டிவி வரும், புதிய எச்டிஎம்ஐ வரும், மாற்ற வேண்டியிருக்கும்.

‘1000 வாட்’ என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறதே, அது எவ்வளவு சத்தம்?

அந்த எண்ணை நம்பி எதையும் வாங்காதீர்கள். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் போடப்படும் எண்கள் கண நேர உச்சத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்பவை. அதை அளக்க எல்லோருக்கும் பொதுவான முறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட் (இடைவிடாமல் கொடுக்கக்கூடிய சக்தி) எவ்வளவு, அதுவும் எத்தனை சானல் (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிப் பாதை) ஒரே நேரத்தில் ஓடும்போது என்று கேளுங்கள். ரிசீவர்களில் ‘ஒரு சானலுக்கு 80 வாட்’ என்பது வழக்கமாக இரண்டு சானல் மட்டும் ஓடும்போது அளந்தது. ஐந்தும் சேர்ந்து முழங்கும்போது அது நன்றாகவே இறங்கிவிடும்.

உண்மையில் நமக்கு எவ்வளவு தேவை? ஸ்பீக்கரின் காகிதத்தில் 87 டெசிபல் என்று இருந்தால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். இரண்டு ஸ்பீக்கர்கள், பத்தடி தூரம், மூடிய அறை என்று வைத்தால் ஒரு வாட்டிலேயே 80ஐத் தாண்டிவிடலாம். நிதானமாகப் பாட்டு கேட்கும் அளவு அதற்கும் கீழே. பிறகு எதற்கு மிச்சம்? மிருதங்கத்தில் தீர்மானம் (தாளத்தை முடித்துவைக்கும் சொற்கட்டு) வைக்கும்போது விழும் அந்த ஓர் அடி, சராசரியை விட 15, 20 டெசிபல் மேலே எகிறும். பத்து டெசிபல் ஏறப் பத்து மடங்கு வாட் வேண்டும். இருபது ஏற நூறு மடங்கு. கால் வாட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு நொடிக்கு 25 வாட் கேட்கும். அதற்காகத்தான் 40, 50 உண்மையான வாட். நம் ஊர்க் கூடங்களுக்கு அது போதும்.

படத்துக்குக் கணக்கு கொஞ்சம் கடுமை. திரையரங்க அளவுகோலின்படி ஒவ்வொரு சானலும் 105 டெசிபல் உச்சம் தொட வேண்டும், அடிமட்டப் பாதை 115. வீட்டில் யாரும் அவ்வளவு சத்தமாக வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. ஆனாலும் ரிசீவருக்கு 30 ரூபாய் ஒதுக்கியதன் காரணம் புரியும்.

சண்டைக் காட்சியில் காது கிழிகிறது, வசனம் வந்தால் எதுவும் கேட்பதில்லை. என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். ஒரு கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டே படம் பார்க்கும் குடும்பங்கள் எத்தனை! ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நடு ஸ்பீக்கர், டிவிக்குக் கீழே ஷோகேஸ் தட்டில், ஒரு முழம் உள்ளே தள்ளி, முன்னால் ஒரு நடராஜர் சிலையோடு இருந்தது. சிலையை மேல்தட்டுக்கு மாற்றினோம். ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்பு வரை இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு ரப்பர் துண்டுகளைச் செருகி, முகம் சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினோம். அந்த வீட்டுப் பாட்டி, கீழே ஓடும் எழுத்துகளைப் படிக்காமலேயே அன்று ஒரு படத்தைப் பார்த்து முடித்தார். செலவு ஒரு பைசாகூட இல்லை.

இதன் பிறகும் குறை இருந்தால், ரிசீவரில் நடு சானலின் அளவை மட்டும் இரண்டு அல்லது மூன்று டெசிபல் ஏற்றுங்கள். இரவில் பார்ப்பவர்கள், உச்சத்தை இறக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும் ‘நைட்’ வசதியைப் போட்டுக்கொள்ளலாம். அப்படியும் சரியாகவில்லை என்றால்தான் புதிய நடு ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒருவரோ இருவரோ மட்டும் நேர் எதிரே உட்கார்ந்து பார்க்கும் வீடாக இருந்தால் நடு ஸ்பீக்கரே தேவையில்லை. நல்ல இரண்டு ஸ்பீக்கர்கள் வசனத்தையும் பாடகரைப் போலவே நடுவில் நிறுத்திவிடும். மட்டமான நடு ஸ்பீக்கரை விட அதுவே மேல்.

பாட்டு கேட்க சப்வூஃபர் வேண்டுமா?

என்ன பாட்டு என்பதைப் பொறுத்தது. பாஸ் கிடாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். ஐந்து அங்குல வூஃபர் (தாழ்ந்த சுரங்களைத் தரும் கூம்பு) உள்ள சிறிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 55, 60க்குக் கீழே தேய்ந்துவிடும். 80களின் திரைப்பாடல்களில், குறிப்பாக இளையராஜாவின் இசையில், பாஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும். அதன் கீழ்ப்படிகளை இழப்பது பெரிய இழப்பு. தனிக் குரல், வீணை, வயலின் கேட்பவருக்கு அந்தக் கவலை குறைவு. மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியில் வரும் கும்காரத்தைக்கூட நல்ல ஆறரை அங்குல வூஃபர் கண்ணியமாகக் கொடுத்துவிடும். ஆகவே பாட்டுக்கு முதலில் நல்ல ஸ்பீக்கர்கள்; சப்வூஃபர் ஓராண்டு கழித்து வரலாம். படத்துக்கு அது முதல் நாளே வேண்டும்.

எங்கே வைப்பது என்பதுதான் எதை வாங்குவது என்பதை விடப் பெரிய விஷயம். 15 அடிக்கு 12 அடிக் கூடம் என்றால், நீளவாக்கில் சுமார் 38 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும் அறையே முழங்கும். சுவரோரம் அந்தச் சுரங்கள் பொங்கும், அறையின் நடுவில் காணாமல் போகும். இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வையுங்கள். பாஸ் கிடார் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, நீங்கள் முட்டி போட்டுச் சுவரோரமாக ஊர்ந்து வாருங்கள். ஓரிடத்தில் ‘பூம்’ என்று ஒரே சுரமாகக் கத்தும். இன்னோரிடத்தில் ஒன்றுமே இருக்காது. எங்கே எல்லாச் சுரமும் சம அளவில் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். என் வீட்டில் அந்த இடம் மூலை அல்ல, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றரை அடி இடைவெளி. மெஷினின் மூடி அதிராமல் இருக்க அடியில் ஒரு துணி மடித்து வைத்தேன், அவ்வளவுதான்.

எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்த ஒலி மட்டும் சப்வூஃபருக்குப் போகட்டும். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கர்களையும் ‘ஸ்மால்’ என்று குறித்து, 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. அறைக்கும் செலவு செய்ய வேண்டுமா?

இதைக் கேட்பவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். பெரும்பாலோர் கேட்பதே இல்லை. மேலைநாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆலோசனைகள் கம்பளம் விரித்த தரையையும் ஜிப்சம் பலகைச் சுவரையும் எடுத்துக்கொண்டே பேசுகின்றன. நம் கூடங்களில் ஆறு பக்கமும் கல். கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். ‘ட்ர்ர்’ என்று ஒரு வால் நீண்டால், எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரும் அந்த அறையில் மூச்சுத் திணறும்.

முதலில் ஸ்பீக்கர்களுக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் ஒரு கனமான ஜமுக்காளம், முடிந்தால் அடியில் ஒரு மெல்லிய மெத்தையோடு. ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை. பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அதை விட நல்ல சாமான் இல்லை. பக்கச் சுவர்களுக்கு ஒரு சோதனை: நீங்கள் உட்காரும் இடத்தில் உட்காருங்கள், வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நகரட்டும். கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கிருந்துதான் முதல் எதிரொலி உங்கள் காதுக்கு வருகிறது. என் மகள் அப்படிக் கண்ணாடி பிடித்துக் காட்டிய இடத்தில், இரண்டு அங்குல ‘கிளாஸ் வூல்’ (ஒலியை உறிஞ்சும் கண்ணாடி இழை) பலகையைத் துணியால் சுற்றி மாட்டினோம். அன்று மாலை பாடகர் சுவரிலிருந்து இறங்கி மேடைக்கு வந்தார்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 28 அடி. அதைத் திரையும் மெத்தையும் தொடக்கூட முடியாது. அடிமட்ட முழக்கத்துக்கு, மேலே சொன்னபடி இடம் மாற்றுவதும், ரிசீவரோடு வரும் மைக் வைத்து அறையை அளந்து, ரிசீவரே ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்தமும்தான் வழி.

ஸ்பீக்கர்களைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். மின்விசிறியைக் குறைத்துக்கொண்டு கேளுங்கள். தம்புராவின் ரீங்காரம் அதற்குள்தான் மூழ்கிப்போகிறது.

ரிசீவரில் பாட்டு கேட்டால் தரம் குறையுமா? தனி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா?

ஒரே விலையில் ஒப்பிட்டால் தனி ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு முந்தும். அதன் பணம் முழுவதும் இரண்டு சானலுக்கே போகிறது. ரிசீவரின் பணம் ஏழு சானல், வீடியோ, உரிமக் கட்டணம் என்று பங்கு பிரிகிறது. ஆனால் முழக்கம் மிகுந்த கல் அறையில், நல்ல அறைத் திருத்தம் உள்ள ரிசீவர் தனி ஆம்ப்ளிஃபயரைத் தோற்கடித்ததைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் வேண்டும் என்பவர்கள் ‘ப்ரீ-அவுட்’ (வெளி ஆம்ப்ளிஃபயரை இணைக்கும் துளை) உள்ள ரிசீவரைப் பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை அதனுடன் இணைத்து, முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களை அதற்குக் கொடுத்துவிடலாம்.

வயருக்கும், டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் டாக் கருவிக்கும் எவ்வளவு ஒதுக்குவது?

குறைவாக. ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். போய்வரும் பத்து மீட்டருக்கும் மொத்தத் தடை 0.12 ஓம்தான். பின்பக்கம் வரை இழுப்பதற்கு 2.5. சிடி 1982இல் வந்தபோதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற அதன் பதிவுத் தரம் மனிதக் காதின் எல்லையை எட்டிவிட்டது. அதைச் சுத்தமாக வெளியே எடுக்கும் சின்ன டாக் இன்று மலிவாகவே கிடைக்கிறது. வயருக்கு ஸ்பீக்கரின் விலை கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு எதை இணைப்பது?

எச்டிஎம்ஐ, அதிலும் ‘ஆர்க்’ என்று எழுதியிருக்கும் துளை. ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸுக்கு (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) அதுவே போதும். புளூ-ரே தட்டின் முழுத் தரத்தையும் டிவி வழியாக அனுப்ப ‘இ-ஆர்க்’ வேண்டும். ஆப்டிகல் வயரில் சாதாரண 5.1 வரும், அட்மாஸ் வராது. இணைத்த பிறகு ‘ஹம்’ என்று ஒரு ரீங்காரம் வந்தால் முதலில் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். என் வீட்டில் மூன்று வாரம் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகித்தேன். குற்றவாளி அந்த வயர்தான்.

கூரையில் அட்மாஸ் ஸ்பீக்கர்கள்?

அட்மாஸ் 2012இல் திரையரங்குகளுக்கும் 2014இல் வீடுகளுக்கும் வந்தது. அருமையான விஷயம்தான், ஆனால் வரிசையில் கடைசி. ஐந்து ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் ஒழுங்காக அமைந்த பிறகு யோசியுங்கள். கூரையில் மோதித் திரும்பும் வகை ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான கான்கிரீட் கூரை பொருத்தமானது. ஒலி போகும் வழியில் மின்விசிறி சுழலாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்பீக்கர்கள் வாங்கலாமா?

தாராளமாக. வூஃபரின் விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் பொடிந்திருக்கலாம். ரப்பர் என்றால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். பழைய ரிசீவரை மட்டும் வாங்காதீர்கள்.

வீட்டில் நான் பாட்டு, மற்றவர்கள் படம். ஒரே கூடம். எந்த வரிசையில் வாங்குவது?

நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். முதல் சம்பளங்களைச் சேர்த்து, ஒரே பெட்டியில் வந்த ஐந்து குட்டி ஸ்பீக்கர் செட்டை வாங்கினேன். படத்தில் சத்தம் இருந்தது. பாட்டில் உயிர் இல்லை. அதைப் பிரித்து மேம்படுத்தவும் வழியில்லை. இரண்டாண்டுகளில் முழுவதையும் கொடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆகவே முதலில், உங்களால் முடிந்த அளவுக்கு நல்ல இரண்டு ஸ்பீக்கர்கள், அதே வரிசையில் நடு ஸ்பீக்கரும் விற்கப்படுகிறதா என்று பார்த்து. கூடவே ப்ரீ-அவுட் உள்ள ஒரு ரிசீவர். இந்த மூன்றோடு ஆறு மாதம் பாட்டும் படமும் கேளுங்கள். அடுத்த போனஸில் சப்வூஃபர். அதற்கடுத்து நடு ஸ்பீக்கர். சோபாவின் ஓரத்தில் உட்காருபவர்கள் வசனம் புரியவில்லை என்று சொன்னால் அதைச் சப்வூஃபருக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டிவிச் சுவரிலிருந்து சோபாவின் இரு பக்கமும் வரை பைப்பைப் பதித்து, 2.5 வயரை உள்ளே இழுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.